ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை!

மழலையர் வகுப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மூன்றரை வயதுக் குழந்தை. வீட்டில் வேறு மொழி. வகுப்பில் சேர்ந்து ஒரு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கெடுப்பதும் இதுதான். அரைகுறையாகத் தெரிந்த மொழிக்குப் பெற்றோர் மாறினால் வீட்டுப் பேச்சு "வா, சாப்பிடு, தூங்கு" என்று சுருங்கிவிடும். கதையும் கொஞ்சலும் விதண்டாவாதமும் போய்விடும். தாய்மொழியில் 'ஏன், எப்படி, அப்புறம்' எல்லாம் பிடிபட்ட குழந்தைக்கு, இரண்டாம் மொழி எளிதாகவே வந்து சேரும்.

இந்த மௌனம் பெரும்பாலும் காதால் சேர்த்துவைக்கும் காலம். சில வாரங்களில் முடியலாம், சில மாதங்களும் ஆகலாம். கையால் காட்டாமல் "பந்தை எடு" என்று சொல்லிப் பாருங்கள். எடுக்கிறதா? மற்றவர்கள் விளையாடுவதைக் கவனிக்கிறதா? வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறதா? அப்படியானால் பொறுத்திருங்கள். வீட்டு மொழியிலும் பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதங்கள் கடந்தும் சைகைகூட இல்லாமல் உறைந்து நின்றால் குழந்தை மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

பெற்றோரிடம் அவர்கள் வீட்டு மொழியில் ஆறு சொற்கள் கேட்டு வாங்குங்கள்: தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, போதும், வா விளையாடலாம், அம்மா வருவார். எழுதி வாங்கினால் உச்சரிப்பு தப்பும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையின் பெயரையும் அப்படியே. உங்கள் வசதிக்காகப் பெயரைச் சுருக்காதீர்கள்.

"சொல்லு, சொல்லு" என்று எல்லோர் முன்பும் நிறுத்திக் கேட்டால் வர இருந்த சொல்லும் உள்ளே போய்விடும். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். கிண்ணத்தை நீட்டினால் அதுவே பதில். "இன்னும் மணல் வேண்டுமா? இதோ மணல்" என்று சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள். முதல் சொல் பலமுறை கூட்டுப் பாட்டில்தான் வெளிவரும். அதே மொழி தெரிந்த இன்னொரு குழந்தையை நாள் முழுக்க மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாவம், அதற்கும் விளையாட்டு இருக்கிறது.

கேள்வி: பாட்டியிடம் வளரும் குழந்தைக்கு குடும்பத்தை வரைய, 'அப்பா, அம்மா, நான்' என்று கட்டம் போட்ட தாளைப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கோளாறு தாளில்தான். கட்டமில்லாத வெற்றுத்தாளைத் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். "உன்னைப் பார்த்துக்கொள்பவர்கள் யார் யார்?" என்று கேட்டு வரையச் சொன்னால் போதும். பூனை வந்தால் வரட்டும்.

ஆசிரியர்களுக்கு: சேர்க்கைப் படிவத்திலும் இதே சிக்கல் உண்டு. 'குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்', 'வீட்டில் பேசும் மொழிகள்', 'ஒவ்வொருவரையும் குழந்தை எப்படிக் கூப்பிடும்' என்று மாற்றுங்கள். கடைசிக் கேள்வி பொன்னானது. அழுதுகொண்டே ஏதோ ஒரு பெயரைச் சொல்லும்போது, அது தாத்தாவா பொம்மையா என்று விழிக்க வேண்டியிருக்காது. நிர்வாகம் தயங்கினால், 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவைக் காட்டுங்கள். குழந்தையின் பெற்றோர், பண்பாடு, மொழி ஆகியவற்றின்மீது மதிப்பை வளர்ப்பதும் கல்வியின் நோக்கம் என்கிறது அது.

குடும்பப் புகைப்படங்களைத் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள். பல வகுப்புகளில் அவை பார்வையாளரின் கண்மட்டத்தில்தான் தொங்குகின்றன! படம் இல்லாத வீட்டுக்கு, மாலையில் அழைத்துப்போக வரும்போது நீங்களே ஒன்று எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு வயதுச் சிறுவன் கருநிறத் தோழியிடம் "உன் கை அழுக்கு" என்றான். அதட்டலாமா?

பதில்: அதட்டினால், நிறத்தைப் பற்றிப் பேசுவதே தப்பு என்றுதான் அவனுக்குப் புரியும். முதலில் அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். பிறகு இருவருக்கும் கேட்கும்படி, "அது அழுக்கு இல்லை, தோலின் நிறம். கழுவினால் போகாது, போகவும் வேண்டாம். நீ சொன்னது அவளுக்கு வலித்தது" என்று சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அது போதும்.

மறுநாள் பழுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களை வைத்து, அவரவர் மணிக்கட்டு நிறத்தைக் கலக்கச் சொல்லுங்கள். கருமை கூட்டக் கறுப்பை ஊற்றினால் நிறம் செத்துச் சாம்பலாகிவிடும். பழுப்பில் துளி நீலம் விடுங்கள்.