போதகர்களின் சோஷியல் செக்யூரிட்டி விலக்கு: கேள்வி பதில்

அமெரிக்கச் சபைகளில் ஊழியம் செய்யும் போதகர்கள் கேட்டவை. சோஷியல் செக்யூரிட்டி என்பது, உழைக்கும் காலத்தில் வரி கட்டி, பிறகு ஓய்வூதியம் போன்ற பலன்களைப் பெறும் அரசுக் காப்பீடு.

கேள்வி: அண்ணா, சபை எனக்குச் சம்பளம்தான் தருகிறது. அப்புறம் ஏன் சுயதொழில் வரி?

பதில்: வருமான வரிக்கு நீங்கள் சம்பளக்காரர், சோஷியல் செக்யூரிட்டிக்குச் சுயதொழில் செய்பவர். சட்டமே அப்படி. மற்ற வேலைகளில் பாதியை முதலாளி கட்டுவார்; இங்கே 15.3 சதவீதமும் உங்கள் தலையில். வீட்டுப்படிக்கும் இந்த வரி உண்டு. சம்பளம் 40,000, வீட்டுப்படி 20,000 டாலர் என்றால், மொத்தத்தில் 92.35 சதவீதத்துக்குக் கணக்கிட்டு ஏறக்குறைய 8,478 டாலர் கட்ட வேண்டும்.

கேள்வி: இந்த வரியிலிருந்து விலக்குக் கேட்கும் படிவம் 4361 போட்டால் அத்தனையும் மிச்சம் என்கிறார் நண்பர்.

பதில்: மிச்சம் பிடிக்கிற படிவம் இல்லை அது. ஊழியத்துக்காக அரசுக் காப்பீட்டுப் பலன் பெறுவதை மனசாட்சிப்படியோ சமயக் கொள்கைப்படியோ எதிர்க்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய் என்றால் தண்டனை உண்டு. பிரசங்கம் செய்கிறவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

கேள்வி: இருபது வருடத்துக்கு முன்பே போட்டுவிட்டேனே ஐயா. இப்போது வயது 52. அந்த விலக்கை ரத்து செய்து மறுபடி சேரலாமா?

பதில்: முடியாது. 1999இல் வந்த ஒரு சட்டம் கொஞ்ச காலம் கதவைத் திறந்தது, பிறகு மூடிவிட்டார்கள். ஆனால் விலக்கு ஊழிய வருமானத்துக்கு மட்டும்தான். பள்ளிப் பேருந்து ஓட்டினாலும் கடையில் நின்றாலும் அந்தச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள், கிரெடிட் (பலன் பெறும் தகுதிக்கான புள்ளி) சேரும். 2025 கணக்குப்படி 1,810 டாலர் சம்பாத்தியத்துக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு அதிகபட்சம் நாலு. நாற்பது சேர்ந்தால் ஓய்வூதியம் உண்டு, 65 வயதில் மெடிகேர் ஏ பகுதிக்கு (முதியோருக்கான அரசு மருத்துவமனைக் காப்பீடு) பிரீமியமும் இல்லை. தொகை சிறிதாகத்தான் இருக்கும். 35 வருடச் சராசரி எடுக்கிறார்கள், காலி வருடங்களுக்குப் பூஜ்யம் விழும். கல்லூரி நாளில் பார்த்த வேலையும் கணக்கில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: என் மனைவி நர்ஸ். அவர் கணக்கில் எனக்கு ஏதாவது?

பதில்: உண்டு. முழு ஓய்வு வயதில் கேட்டால் அவர் தொகையில் பாதிவரை. மறுபக்கம்தான் பலரும் மறப்பது: நாளை உங்களுக்கு ஒன்று ஆனால், ஊழிய வருமானத்தை வைத்து அவருக்கோ பிள்ளைகளுக்கோ வாரிசுப் பலன் வராது. நீங்கள் முடங்கினாலும் அப்படியே. டெர்ம் இன்சூரன்ஸ் எடுத்தீர்களா?

கேள்வி: ஓய்வுக்காலச் சேமிப்பை எதில் போடலாம்?

பதில்: சபையின் 403(பி) என்ற ஓய்வுச் சேமிப்புத் திட்டத்தில். ஓய்வுக்குப் பிறகு அதிலிருந்து எடுப்பதை, வருமான வரி இல்லாத வீட்டுப்படியாக ஒதுக்கித் தர வழி உண்டு. ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக் கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.