கையை எடுத்தால் இரைகிறது: கிட்டார் பட்டறை கேள்வி பதில்

கேள்வி: கிட் வாங்கி நானே சேர்த்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை கிட்டார் சார், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் செப்புச் சுருள். ஆம்பில் மாட்டினால் ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது, கையை எடுத்தால் திரும்ப வந்துவிடுகிறது. உள்ளே முழுக்கச் செப்புத் தாள் ஒட்டியும் பாதிதான் அடங்கியது. பிக்கப்பை மாற்றிவிடவா? ஆம்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார், செய்யலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பின்னைத் தொடாதீர்கள். கம்பியிலிருந்து அதைத் தாங்கும் பிரிட்ஜ், பிரிட்ஜிலிருந்து ஒரு வயர், அங்கிருந்து கேபிள் செருகும் ஜாக், கேபிளின் வெளிவலை, ஆம்பின் இரும்புப் பெட்டி, கடைசியில் சுவரிலுள்ள மூன்றாவது ஓட்டை, இப்படித்தான் உங்கள் விரல் தரையோடு சேர்ந்திருக்கிறது. பின்னை எடுத்துவிட்டால், ஆம்புக்குள் என்றைக்காவது ஒரு கசிவு வரும்போது 230 வோல்ட் கம்பிக்கே வரலாம். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்று அடிப்பதும் பெரும்பாலும் இந்த எர்த் கோளாறுதான். மூன்று பின்னை இரண்டாக்கும் அந்த அடாப்டர்களும் இதே ஆபத்துதான், வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், பழைய வீடுகளில் ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது.

சரி, இரைச்சலுக்கு வருவோம். தொட்டதும் குறைகிறது என்றால் பிரிட்ஜ் எர்த் வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அறையில் ஓடும் மின்வயர், எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாவற்றின் சத்தத்தையும் உங்கள் உடம்பு வாங்கிப் பிக்கப்புக்குக் கொடுக்கிறது, கம்பியைத் தொட்டவுடன் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் அடங்குகிறது. தொட்டால் கூடுகிறது என்று எழுதியிருந்தால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள் என்றிருப்பேன்.

செப்புத் தாள் ஏன் பாதிதான் வேலை செய்தது? வந்துகொண்டிருப்பது ஒரு இரைச்சல் இல்லை, இரண்டு. 'ஜ்ஜ்ஜ்' என்று கூர்மையாக வருவது மின்புலம் வழியாக வருவது, அதைத் தாள் தடுக்கும். 'உம்ம்' என்று அடியில் கனமாக வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி இடங்களிலிருந்து வரும். மெல்லிய செப்புத் தாளைக் காந்தப்புலம் கண்டுகொள்வதே இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கிட்டாரோடு நாற்காலியில் மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் 'உம்ம்' கிட்டத்தட்ட செத்துப்போகும், இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி எழும். அப்படி மாறினால் அது காந்தப்புலம்தான், இன்னும் எத்தனை சுருள் தாள் ஒட்டினாலும் போகாது.

அதற்கு மருந்து இரண்டு காயில்கள். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். கிப்ஸனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த ஹம்பக்கரின் சூட்சுமம் இவ்வளவுதான். உங்கள் கிட்டாரிலும் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் 2, 4 இடங்களில் இரண்டு பிக்கப் சேர்ந்து வரும். அங்கே இரைச்சல் அடங்குகிறதா? அடங்காவிட்டால் உங்கள் கிட்டில் மூன்று பிக்கப்பும் ஒரே மாதிரி சுற்றியவை. நடு பிக்கப்பை மட்டும் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் உள்ளதாக வாங்கிப் போடுங்கள், மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். 1, 3, 5-இல் 'உம்ம்' இருக்கத்தான் செய்யும், சிங்கிள் காயிலின் குணம் அது.

ஒட்டிய தாளையும் ஒருமுறை மல்டிமீட்டரின் பீப்பில் (தொடர்பு இருந்தால் சத்தம் தரும் நிலை) வைத்துப் பாருங்கள். பல தாள்களில் பசை மின்சாரத்தைக் கடத்தாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் தொடர்பு இருக்காது. ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு துளி ஈயம் வைத்துவிட்டால் கவலை இல்லை. அப்புறம் ஜாக்கின் நாக்கு, கேபிள் செருகும்போது வளைந்து தாளில் முட்டினால் கிட்டார் மொத்தமாக ஊமையாகிவிடும், அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: பிரிட்ஜில் ஹம்பக்கர் போட்டேன், மந்தமாக இருக்கிறது. பழைய 250 கே பாட்தான் (வால்யூம் குமிழின் அடியிலுள்ள 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்) காரணம், 500 கே போடு என்கிறார்கள். ரிச்சி தெருவில் 470 கே தான் கிடைத்தது. போடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாக. 500 என்று அச்சடித்த பாட்டே அளந்தால் 430-லிருந்து 560 வரை எதுவாகவும் இருக்கும். போவதற்கு முன் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நாலைந்தை அளந்து கூடுதலாக இருப்பதை எடுங்கள். கடையில் லீனியரைக் (திருப்பத் திருப்ப ஓம் ஒரே சீராக மாறுவது) கொடுத்துவிடப் போகிறார்கள், வால்யூமுக்கு லாக் (காதுக்குச் சீராகக் கேட்கும்படி மாறுவது) வேண்டும். தண்டையும் பாருங்கள், சாதாரண ரேடியோ பாட்டின் தண்டில் கிட்டார் குமிழ் உட்காராமல் போகலாம்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 500 கே போட்டதும் ஹம்பக்கர் விழித்துக்கொள்ளும், ஆனால் மற்ற இரண்டு சிங்கிள் காயிலும் காதைக் குத்த ஆரம்பிக்கும். அவற்றின் பக்கம் மட்டும் சேரும்படி ஒரு 470 கே ரெசிஸ்டரை எர்த்துக்கு வைத்தால் அவை 250 கே இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். சுவிட்சில் இரண்டாவது வரிசை நாக்குகள் காலியாக இருந்தால் அங்கேயே செய்யலாம்.

பாட்டின் முதுகில் ஈயம் ஒட்ட மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். 25 வாட் அயர்னால் அது முடியாது, அந்தத் தகடு சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். உப்புத்தாளால் ஒரு சிறு இடத்தைத் தேய்த்து, 60 வாட்டில் தட்டை முனையை வைத்து, இரண்டு மூன்று விநாடியில் வேலையை முடித்துக் கையை எடுங்கள். நிமிடக்கணக்கில் சூடாக்கினால் உள்ளே கார்பன் தடம் கெட்டு, பிறகு கரகர என்று கேட்கும்.

கேள்வி: நெக் (கழுத்துப் பக்கத்து) பிக்கப் திடீரென்று செத்துவிட்டது. காயில் எரிந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். (வேலூர் வாசகர்)

பதில்: இந்த மாதிரி சாதாரண பிக்கப் எரியாது. பேட்டரியும் இல்லை, கரன்டும் இல்லை, கம்பி ஆடும்போது அதுவே உண்டாக்கும் மில்லிவோல்ட்டுகள்தான். அறுந்திருக்கலாம், அது வேறு விஷயம். காயிலில் இருப்பது 42 கேஜ் வயர், 0.063 மில்லிமீட்டர்தான் தடிமன், ஒரு பிக்கப்பில் சுமார் 8,000 சுற்று.

கிட்டாரைத் திறக்காமலே பாருங்கள். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனையின் நுனியிலும் உடம்பிலும் மீட்டரை வைத்து சுவிட்சை ஒவ்வொரு இடமாக மாற்றுங்கள். ஒரு பிக்கப் மட்டும் வரும் இடங்களில் ஸ்ட்ராட் வகைக்கு 6 கே ஓம் பக்கம் காட்டும். உங்கள் ஊர் மே மாத வெயிலில் கொஞ்சம் கூடவே காட்டும், செம்பு சூடானால் அப்படித்தான். 250 கே மாதிரி காட்டினால் பாட்டை மட்டும் அளக்கிறீர்கள், அதாவது பிக்கப்போ அதன் வயரோ அறுந்திருக்கிறது. இப்போது திறந்து, பிக்கப்பின் அடியிலுள்ள இரண்டு ஈயப்புள்ளிகளிலேயே அளந்து பாருங்கள். அங்கே 6 கே வந்தால் பிக்கப் பிழைத்தது, வயரோ சுவிட்சோதான் கோளாறு. அங்கேயும் ஒன்றும் வரவில்லை என்றால் பூதக்கண்ணாடி எடுங்கள். பெரும்பாலும் ஈயப்புள்ளியை ஒட்டி, காயிலிலிருந்து வெளியே வரும் அந்த முதல் சில மில்லிமீட்டரில்தான் அறுந்திருக்கும். வெளிச்சுற்றின் முனை என்றால் ஒரு சுற்று பிரித்து, எனாமலை மெல்லச் சுரண்டி, திரும்ப ஈயம் வைத்துவிடலாம். அடியில் இருக்கும் முதல் சுற்று என்றால் முழுதும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அண்ணா, டெலிகாஸ்டர் வகையில் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றினேன். தனித்தனியே நன்றாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்த சத்தம். (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: ஃபேஸ் எதிராகிவிட்டது, அதாவது ஒரு பிக்கப்பின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சரி. டெலியில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். நெக் பிக்கப்பின் உலோக மூடி எர்த் வயரோடு சேர்ந்தே இருக்கும், அப்படியே மாற்றினால் மூடி இரைச்சலை வாங்க ஆரம்பிக்கும். பிரிட்ஜ் பிக்கப்பின் அடியிலும் பல சமயம் ஒரு தகடு இதே மாதிரி சேர்ந்திருக்கும். எதை மாற்றினாலும் அந்த இணைப்பைத் துண்டித்து, மூடிக்கோ தகட்டுக்கோ தனி எர்த் வயர் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எண்ணெயில் ஊறிய பழைய பேப்பர் கெப்பாசிட்டர் போட்டால் டோன் இனிமையாகுமாமே? (கோவை வாசகர்)

பதில்: விலை இனிக்காது. ஒரே மதிப்பு என்றால் ஒரே சத்தம், 473 என்று போட்ட பச்சை பாலியெஸ்டர் போதும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஹம்பக்கருக்கு 223 போடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல கேபிள் வாங்குங்கள், நீளமான மட்டமான கேபிள் தின்கிற ட்ரெபிளை எந்தக் கெப்பாசிட்டரும் திருப்பித் தராது.

கேள்வி: ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடுவது) போட்ட கிட்டார், 9 வோல்ட் பேட்டரி வாரத்துக்கு ஒன்று தீர்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குகிறீர்களா? அந்த ஜாக்கில் கேபிள் செருகியிருந்தாலே பேட்டரி ஓடும். பிடுங்கியும் தீர்கிறது என்றால் ஸ்டீரியோ ஜாக்குக்குப் பதில் யாரோ மோனோ ஜாக் மாட்டியிருக்கிறார்கள், பேட்டரியின் கறுப்பு வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்டீரியோ ஜாக்கின் நடு நாக்கில் இருக்க வேண்டும்.