அம்மா–மகள் தூரத்துக்கு எனக்குத் தெரிந்த குறியீடு சோறுதான்

"அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் விழும் தூரத்தைக் கவிதையில் எதை வைத்துக் காட்டுவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது?

சங்கப் பாட்டுத் தொகுப்பான நற்றிணையில் 110-ஐப் படியுங்கள், போதனார் பாட்டு. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் வைத்துக்கொண்டு செவிலியர், அதாவது வளர்ப்புத் தாய்கள், சிறு கோலை ஓங்கி மிரட்ட, குடிக்காமல் பந்தலுக்குள் ஓடிய பெண், புகுந்த வீடு நொடித்தபோது அப்பா வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைத்தும் பார்க்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். மகளைப் புகழும் பாட்டு, அதுவும் செவிலி பேச்சு, இதில் தூரம் எங்கே வந்தது என்று தமிழ் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். உரை அப்படித்தான் சொல்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோற்றை வேண்டாம் என்றவள் நான்.

எனக்குப் பிறந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். தஞ்சாவூரில் என் வீட்டுக்காரர் கடையை மூடிய வருஷம், அம்மா டெம்போவில் ஒரு மூட்டை அரிசி அனுப்பினாள். "இருக்கும்மா" என்று அதே டெம்போவில் திருப்பிவிட்டேன். அதுவும் சாதாரண அரிசியா? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காமல், எட்டு நாள் திறந்த வெளியில் கிடந்த நெல்லில் மிஞ்சியது. மழையில் போட்டு வைத்தால் ஈரம் ஏறுமா, இறங்குமா? தார்ப்பாய்க்குக்கூட விவசாயிதான் காசு கொடுக்க வேண்டும். இதையெல்லாம் எவன் கேட்கிறான்?

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் அரிசி வரவே இல்லை. வந்ததெல்லாம் முருங்கைக்கீரை, கறிவேப்பிலை. உதவி என்று பெயர் வைக்க முடியாத சாமான்கள். போனிலும் "முருங்கை காய்ச்சிருக்கு" என்பாள். நான் "சரிம்மா" என்பேன். வருஷக்கணக்காக இதுதான் பேச்சு.

2018 நவம்பர் 16, கஜா புயல். இரண்டு நாள் போன் போகவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "முருங்கை சாஞ்சிடுச்சுடி." அவ்வளவுதான் சொன்னாள்.

பத்து கிலோ அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் தென்னை படுத்துக் கிடந்தது. வீட்டில் பாதி ஓடு இல்லை. அம்மா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இருக்குடி" என்றாள்.