டைம்லைன் திக்காமல் ஓட எந்த ஃபார்மட்? கடலூர், புதுவை எடிட்டர்களின் கேள்விகளும் பதில்களும்

கூத்து, கல்யாணம், நாட்டியம் என மணிக்கணக்கில் ஓடும் பதிவுகளை வெட்டி ஒட்டுகிறவர்கள் கேட்டவை இவை.

பண்ருட்டியிலிருந்து: அண்ணா, விடிய விடிய நடந்த தெருக்கூத்து. ரெண்டு கேமரா, 4கே, எச்.265, ஏழு மணி நேரம். 32 ஜிபி ராம் இருந்தும் டைம்லைன் திக்குது. இன்னும் ராம் போடணுமா?

ராமில் காசு போடாதீங்க தம்பி. திணறுவது டிகோடிங், அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படமாக்கும் வேலை. எச்.264, எச்.265 என்ற சுருக்கும் முறைகள் இரண்டும் எல்லா ஃபிரேமையும் முழுசாக எழுதி வைக்காது. அரை நொடிக்கோ ஒரு நொடிக்கோ ஒரு ஃபிரேம்தான் முழுசு. நடுவில் இருப்பதெல்லாம் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு. நேராக ஓட்டினால் தெரியாது. கட்டியங்காரன் வாய் திறக்கும் இடத்தைப் பிடிக்க நாலு ஃபிரேம் பின்னால் போனால், மெஷின் முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வரணும். ரெண்டு கேமரா என்றால் வேலையும் ரெட்டிப்பு.

கேமராவில் நிறத்தைக் கூடுதல் நுணுக்கமாகப் பதியும் 10 பிட், 4:2:2 போட்டிருந்தீங்களா என்று பாருங்க. அந்த வகை எச்.265-ஐ ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகள் ஹார்டுவேரில் டிகோட் செய்யாது. பாரமெல்லாம் சிபியு தலையில். டெஸ்க்டாப்பில் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து உள் கிராஃபிக்ஸில் உள்ள குயிக் சிங்க் செய்யும், ஆப்பிள் எம் வரிசையும் செய்யும். ஆனால் 'எஃப்' என்று முடியும் இன்டெல் மாடலில் உள் கிராஃபிக்ஸே கிடையாது. கடையில் விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம்.

இப்போதைக்கு வழி பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் எடுக்கும் சின்ன நகல். விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, மேக்கில் புரோரெஸ் பிராக்ஸி, அளவு 1080. இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக முழுசாக இருக்கும், அதனால் முன்னே பின்னே எங்கே போனாலும் உடனே நிற்கும். 25 ஃபிரேமில் மணிக்குச் சுமார் 17 ஜிபி. உங்களுக்கு ரெண்டு கேமராவும் சேர்த்து 14 மணி நேரம், ஆக 240 ஜிபி. ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி போதும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்க.

லாஸ்பேட்டையிலிருந்து: பிராக்ஸி எதுக்கு சார்? எல்லாத்தையும் 4கே புரோரெஸ் 422-ஆ மாத்திட்டா வேலை முடிஞ்சுதே?

கணக்கைப் போட்டுப் பாருங்க. 4கே, 25 ஃபிரேமில் புரோரெஸ் 422 மணிக்கு 220 ஜிபி பிடிக்கும். மேலே சொன்ன கூத்துக்கே மூணு டிபி தாண்டும். வேகமும் இருக்கு: ஒரு கேமராவுக்கு நொடிக்கு 61 மெகாபைட், ரெண்டுக்கு 122. யூஎஸ்பியில் மாட்டும் சாதாரண ஹார்டு டிஸ்க் 100-லிருந்து 130 வரைதான் தரும், நிரம்ப நிரம்ப அதுவும் குறையும். டிகோடிங்கில் இருந்த திக்கல் டிஸ்குக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். 8 பிட்டில் எடுத்ததை இன்னும் உயர்ந்த புரோரெஸ் எச்க்யூ ஆக்கினாலும் கேமரா பதியாத நிறம் புதுசாக வராது. இருபது நிமிட ஆவணப்படம், கலர் வேலை நிறைய என்றால் முழுசாக மாற்றலாம். அங்கே அது நல்ல யோசனை.

சிதம்பரத்திலிருந்து: நாட்டியாஞ்சலி ஆட்டம் போன்ல எடுத்தது, ஆடியோ தனி ரெக்கார்டர்ல. ஆரம்பத்துல சலங்கை சத்தம் காலோட சேருது. போகப் போக விலகுது. ஏன்?

ரெண்டு காரணம் இருக்கலாம், பிரித்துப் பார்க்கணும். விலகல் ஒழுங்கில்லாமல், சில இடத்தில் கூடிச் சில இடத்தில் குறைந்தால், போனின் ஃபிரேம் ரேட் நிலையாக இல்லை. வெளிச்சம் குறைந்தால் போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோடு 'வேரியபிள்' என்று காட்டும். அப்படி இருந்தால் ஃபார்மட் மாற்றும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' போட்டு, தரத்தைக் கூட்டி வைத்து மாற்றுங்க. அதற்குப் பிறகுதான் எடிட்டிங்குக்கும் பிராக்ஸிக்கும் கொண்டுபோகணும். இந்த வரிசையை மாற்றினால் பிராக்ஸியில் ஒட்டி வருவது ஒரிஜினலில் விலகும்.

விலகல் ஒரே சீராக, மணிக்கு ஓரிரு ஃபிரேம் என்றால், கேமரா கடிகாரமும் ரெக்கார்டர் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. விலை குறைந்த கருவிகளில் இது சகஜம். ஆடியோவை இழுத்து நீட்ட வேண்டாம். ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் கைதட்டல் வருமே, அங்கே வெட்டி மறுபடி சேருங்க. இருபது நிமிடத்துக்குள் அரை ஃபிரேம் விலகினால் யார் கண்ணுக்கும் படாது.

அடுத்த முறை போனில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று கையால் பூட்டிவிடுங்க. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேமில் எடுத்தால் டியூப்லைட் துடிப்பும் கூடவே வரும்.

கடலூர் முதுநகரிலிருந்து: எம்கேவி ஃபைலை எம்ஓவி ஆக்கினா ஸ்மூத்தா ஓடுமா?

ஓடாது. மாறுவது உறை மட்டும், உள்ளே அதே எச்.264. எடிட்டிங் சாஃப்ட்வேர் எம்கேவியைத் திறக்கவே மறுத்தால் மட்டும் மாற்றுங்க.

நெய்வேலியிலிருந்து: பழைய ஏவிசிஎச்டி கேமரா. கிளிப்புகளை அடுத்தடுத்து வெச்சா ஒவ்வொரு இணைப்பிலும் அரை வார்த்தை காணோம்.

வீடியோ இருக்கும் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் இழுத்து காப்பி செய்திருப்பீங்க. நீளமான ஷாட்டைக் கேமரா துண்டு துண்டாகத்தான் எழுதும். துண்டுகள் எப்படிச் சேரணும் என்ற குறிப்பு கூட இருக்கும் மற்ற ஃபோல்டர்களில் இருக்கு. கார்டை ஒரு ஃபோல்டர்கூட விடாமல் அப்படியே காப்பி செய்து, பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் மீடியா பிரௌசர் வழியாக உள்ளே கொண்டுவாங்க. ஒரே கிளிப்பாக வரும்.

வில்லியனூரிலிருந்து: ரிசால்வ்ல பிராக்ஸி வெச்சு எடிட் பண்ணேன். எக்ஸ்போர்ட் மங்கலா வருது அண்ணா.

ரிசால்வ் சாஃப்ட்வேரில் எக்ஸ்போர்ட் செய்யும் டெலிவர் பக்கத்தில் 'யூஸ் பிராக்ஸி மீடியா' டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்க. அப்படியும் மங்கல் என்றால் ஒரிஜினல் டிஸ்க் மாட்டியிருக்கா என்று பாருங்க. பிரீமியர் ஆட்களுக்கு ஒன்று: பிராக்ஸியின் ஆடியோ சேனல் எண்ணிக்கை ஒரிஜினலோடு ஒத்திருக்கணும், இல்லையென்றால் இணையாது. ரிசால்வில் டைம்லைன் 25 என்பதை முதல் கிளிப் போடுவதற்கு முன்பே வையுங்க. பிறகு மாற்ற விடாது.

அரியாங்குப்பத்திலிருந்து: அப்பா காலத்து மினி டிவி டேப்புகள் இருக்கு. எதுல மாத்தி வைக்கலாம்?

எதிலும் மாற்ற வேண்டாம். ஃபயர்வயர் வழியாக இறக்கினால் டேப்பில் இருக்கும் டிஜிட்டல் வீடியோ அப்படியே வரும், மணிக்கு 13 ஜிபி. ஒவ்வொரு ஃபிரேமும் தனியானது, அதனால் பழைய லேப்டாப்பில்கூட வழுக்கிக்கொண்டு ஓடும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் மாட்டும் யூஎஸ்பி குச்சியில் பிடித்தால் தரம் போய்விடும். இந்த டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று ரெண்டு ஃபீல்டாக இருக்கும்; எது முதலில் என்று சொல்லும் ஃபீல்டு ஆர்டரை 'லோயர் ஃபர்ஸ்ட்' என்று வைக்கணும். தப்பாக வைத்தால் அசையும் கை காலெல்லாம் முன்னும் பின்னும் உதறும்.

புதுவை முத்தியால்பேட்டையிலிருந்து: வேலை முடிஞ்சதும் எதை வெச்சுக்கணும், எதை அழிக்கலாம்?

பிராக்ஸி, எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாகச் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்களான கேஷ் இரண்டையும் தயங்காமல் அழியுங்க. வேண்டுமென்றால் திரும்பச் செய்யலாம். கார்டு ஃபோல்டர்கள், புராஜெக்ட் ஃபைல், முடிந்த படத்தின் ஒரு டிஎன்எக்ஸ்எச்ஆர் அல்லது புரோரெஸ் மாஸ்டர், இந்த மூன்றும் ரெண்டு டிஸ்கில் இருக்கட்டும். ரெண்டும் ஒரே வீட்டின் தரைத்தளத்தில் வேண்டாம், 2024-இல் ஃபெஞ்சல் மழை பார்த்த ஊர் இது. வாடிக்கையாளருக்கு எச்.264 எம்பி4 கொடுங்க, டிவியில் பென்டிரைவ் செருகினால் ஓடணும். பென்டிரைவை ஃபார்மட் செய்யும்போது எக்ஸ்ஃபேட்டில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஃபைல் ஏறாது. டிவி பழசாக இருந்து எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவில்லை என்றால் முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்து ஃபேட்32-இலேயே கொடுங்க.