ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் எவ்வளவு வீட்டுப்பாடம் இருக்கலாம்?

கேள்வியில் இருப்பது இதுதான்: மகன் ஏழாம் வகுப்பு, தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் எழுதுகிறான், இது சரியா, பெற்றோரும் கூட உட்கார வேண்டுமா?

இரண்டு மணி நேரம் அதிகம்தான். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பை கொள்கையில், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் என்றுதான் இருக்கிறது. பை எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே கொள்கைதான். எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அது மட்டும்தான் சுற்றியது. "வீட்டுப்பாடமே கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே" என்று சிலர் கிளம்புவார்கள். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 1, 2-ஆம் வகுப்புகளுக்கு. ஏழாம் வகுப்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் எடுபடாது.

ஆனால் பள்ளியில் போய்க் கேட்பதற்கு முன் ஒரு வாரம் கடிகாரத்தைப் பாருங்கள். என் மகன் ஆறரைக்கு உட்காருவான். பென்சில் சீவுவான், தண்ணீர் குடிக்கப் போவான், வந்து தலைப்புக்கு அடிக்கோடு போடவே பத்து நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் உண்மையாக எழுதியது 75 நிமிடம்தான். அதுவும் கூடுதல்தான், ஆனால் நான் கத்திக்கொண்டிருந்த அளவுக்கு இல்லை.

கூட உட்கார வேண்டுமா? பக்கத்தில் இருங்கள், பேனாவை மட்டும் தொடாதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. முழுக்கள் பாடத்தில் −7 − (−4) என்று ஒரு கணக்கு. அவன் −11 என்று போட்டிருந்தான். எனக்கு ஆபீஸிலிருந்து வந்த களைப்பு. "இல்லடா, −3" என்று சொல்லிவிட்டேன். அழித்துவிட்டு எழுதிக்கொண்டான். அந்தப் பக்கம் முழுக்க அப்படியே போனது, எல்லாவற்றுக்கும் டிக் வாங்கி வந்தான். அடுத்த வாரத் தேர்வில் அதே மாதிரிக் கணக்குகள் நான்கும் தப்பு. இரண்டு கழித்தல் குறி வந்தால் இரண்டு எண்களையும் கூட்டி முன்னால் ஒரு கழித்தல் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அந்த −11 நோட்டில் இருந்திருந்தால் கணக்கு மிஸ் மறுநாளே கண்டுபிடித்திருப்பார். அதை மறைத்தது நான்தான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரே ஏற்பாடு: ஒரு மணி நேரம் ஆனதும் நோட்டை மூடிவிட வேண்டும். மீதம் இருந்தால் டைரியில் "ஒரு மணி நேரம் எழுதினான், 6-ஆம் கணக்கு புரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவை என் மகனே அழுதுவிட்டான், மிஸ் திட்டுவார் என்று. அவர் திட்டவில்லை. எல்லா ஆசிரியரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

(புராஜெக்ட் பற்றிக் கேட்காதீர்கள். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குத் தெர்மகோல் தேடி அலைந்த அப்பாக்களில் நானும் ஒருவன்.)

அப்படியும் தினமும் நேரம் தாண்டினால், எந்தப் பாடத்துக்கு எத்தனை நிமிடம் என்று ஐந்து நாள் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். "ரொம்பக் குடுக்கிறீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் அந்தத் தாளை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்று பேரும் தலா அரை மணி நேர வேலைதான் கொடுத்திருந்தார்கள். மற்றவர் கொடுத்தது ஒருவருக்கும் தெரியாது. இப்போது செவ்வாய், வியாழன் அறிவியல் வீட்டுப்பாடம் கிடையாது.