லைனிங்குக்கு ‘க்ரோத் ஃபேக்டர்’ ஊசி: போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐ.வி.எஃப் சிகிச்சையில் இரண்டு முறை கரு வைத்தும் ஒட்டவில்லை. கர்ப்பப்பையின் லைனிங் (உள்சுவர்ப் படலம்) முதல் முறை 6.8, இரண்டாம் முறை 7.1 மில்லிமீட்டர் இருந்தது. ‘உங்கள் கர்ப்பப்பையில் க்ரோத் ஃபேக்டர் குறைவு, அடுத்த முறை கரு வைப்பதற்கு முன் அந்த ஊசியை உள்ளே செலுத்தினால் ஒட்டிவிடும்’ என்று சிகிச்சை மையத்தின் ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார். போட்டுக்கொள்ளலாமா? அந்தக் குறைவை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய முடியுமா? மூன்று வருடம் முன்பு ஒரு கரு கலைந்து சுத்தம் செய்தார்கள். அதன் பிறகு மாதவிலக்கு இரண்டு நாள்தான் வருகிறது. இதைச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உறுதி செய்ய முடியாது. கர்ப்பப்பைக்குள் வளர்ச்சிக் காரணிகள், அதாவது க்ரோத் ஃபேக்டர், குறைவா, கூடுதலா என்று அளந்து, அதை வைத்து சிகிச்சை தரும் அளவுக்கு நம்பகமான பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. ரத்தத்தில் பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை. ரத்தத்தில் ஓடுவது ஒன்று, கர்ப்பப்பைச் சுவரில் அந்த நேரத்தில் சுரப்பது வேறு. அப்படியென்றால் உங்களுக்குக் ‘குறைவு’ என்று யார் அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை. விற்க ஒரு ஊசி இருக்கிறது, அதற்கு ஒரு குறை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சரி, இந்தக் காரணிகள் என்னதான் செய்கின்றன என்று பார்ப்போம். அது தெரிந்தால் ஊசி ஏன் சந்தேகத்துக்குரியது என்பது தானாகப் புரியும்.

ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் சொல்லி அனுப்பும் சேதிதான் வளர்ச்சிக் காரணி. சின்னச் சின்னப் புரதங்கள். பெரும்பாலும் சுரந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி மூலம் கொடுத்தபோது அவற்றின் கண் இமைகள் வழக்கத்துக்கு முன்பே திறந்துகொண்டன. அதைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் இ.ஜி.எஃப் என்ற காரணி. 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. எனக்கு அந்தக் கண் இமைகள்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். வெளியிலிருந்து கொடுத்தால் வேலை நடக்கத்தான் செய்கிறது, ஆனால் நேரம் தப்பி நடக்கிறது.

மாதவிலக்கு முடியும்போது லைனிங் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். மேல் அடுக்கு உதிர்ந்து, அடி அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். அங்கிருந்து அதை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன். ஈஸ்ட்ரோஜென் பெரும்பாலும் நேராகப் போய் மேல்தோல் செல்களை வளரச் சொல்வதில்லை. அடியில் இருக்கும் தாங்கு திசுவிடம் சொல்கிறது. அந்தத் திசு, இன்சுலினைப் போலவே இருக்கும் ஐ.ஜி.எஃப்-1 போன்ற காரணிகளைச் சுரக்கிறது. அவை மேலே இருக்கும் செல்களைப் பெருகச் செய்கின்றன. வி.இ.ஜி.எஃப் என்ற இன்னொன்று புது ரத்தக் குழாய்களை இழுத்து வருகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் 7, 8, சிலருக்கு 10 மில்லிமீட்டருக்கு மேலும் வளர்ந்து, ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரியும்.

அப்புறம் நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்ட்ரான் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து ‘வளர்ந்தது போதும்’ என்கிறது. இனி தேவை தடிமன் இல்லை, பதம். தாங்கு திசுவின் செல்கள் உருண்டு, பருத்து, கருவுக்கு இடம் கொடுக்கும் மெத்தையாக மாறுகின்றன. இதே செல்கள் ஐ.ஜி.எஃப்-ஐப் பிடித்துக் கட்டிப்போடும் புரதத்தையும் சுரக்கின்றன. டி.ஜி.எஃப்-பீட்டா என்ற காரணி, உள்ளே நுழையும் கருவை ஓரளவுக்கு மேல் துளைக்காமல் பார்த்துக்கொள்கிறது. வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்ததால் எல்லாம் வளர்ப்பதற்கே என்று நினைத்துவிட்டோம். பாதி வேலை நிறுத்துவது. இந்தக் கட்டத்தில் ‘வளர், வளர்’ என்று வெளியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பதம் 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 20-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரைதான். இயற்கையாகக் கருத்தரித்த பெண்களைத் தினமும் சிறுநீர் பரிசோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1999-இல் வந்தது. அதில் நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதத்தில், முட்டை வெளியான 8, 9, 10-ஆம் நாட்களில்தான் கரு பதிந்திருந்தது. அந்த நாட்களில் லைனிங்கின் மேற்பரப்பில் ஹெச்.பி-இ.ஜி.எஃப் என்ற காரணி கூடுகிறது. கருவின் வெளிப்பக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. எலிகளில் பார்த்தால், கரு எந்த இடத்தில் ஒட்டப் போகிறதோ சரியாக அந்த இடத்தில், ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பு இது தோன்றுகிறது. பக்கத்தில் தோன்றுவதில்லை. கருவும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்கு அதுவும் சேதி அனுப்புகிறது. ஐந்தாம் நாள் கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு. அந்தத் துளிக்கும் சுவருக்கும் நடக்கிற பேச்சு இது. ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லி திரவத்தை உள்ளே தள்ளுவது அந்தப் பேச்சில் கலந்துகொள்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படிச் சொல்வதற்கு எனக்கு ஓர் ஆதாரம் உண்டு. எல்.ஐ.எஃப் என்ற ஒரு பொருள், வளர்ச்சிக் காரணிகளின் பங்காளி வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கும் மரபணு இல்லாத பெண் எலிகளில் கரு உருவானது, ஆனால் ஒட்டவே இல்லை. அதே கருக்களை வேறு எலியில் வைத்தபோது ஒட்டின. 1992-இல் இது வெளியானபோது ‘சாவி கிடைத்துவிட்டது’ என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு அந்தப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, பலமுறை கரு ஒட்டாத பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. பலன் இல்லை. எலியில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததற்கே பெண்களிடம் இந்தக் கதி. உங்களுக்குச் சொல்லப்படும் ஊசிக்கு எலிக் கதைகூட உருப்படியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்த ஊசி என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று சரக்குகள் இந்த ஒரே பெயரில் ஓடுகின்றன.

ஒன்று க்ரோத் ஹார்மோன். இது க்ரோத் ஃபேக்டரே இல்லை. பெயரில் பாதி ஒன்று என்பதால் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள், சிலர் தெரிந்தே. இரண்டாவது, ஜி-சி.எஸ்.எஃப். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை விரித்துப் படித்துப் பாருங்கள். புற்றுநோய் மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்தவர்களுக்கானது என்றிருக்கும், கர்ப்பப்பை லைனிங் என்ற வார்த்தையே இருக்காது. 2011-இல் லைனிங் வளராத நான்கு பெண்களுக்குக் கொடுத்து நன்றாக வந்தது என்று எழுதினார்கள். நான்கு பேர்! பிறகு லைனிங் எப்படி இருந்தாலும் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்குக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த நான்கு பேரை வைத்து இன்றும் ஊசி விற்கிறது. மூன்றாவது பி.ஆர்.பி. உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுழற்றி, மேலே தெளியும் வைக்கோல் நிறத் திரவத்தில் அரை முதல் ஒரு மில்லியை மெல்லிய குழாயால் கர்ப்பப்பைக்குள் விடுவது. அந்தத் திரவத்தில் செறிந்திருக்கும் தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் நிஜமாகவே இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகத் தயாரிக்கிறார்கள். எந்தக் காரணி எவ்வளவு போகிறது என்று போடுகிறவருக்கே தெரியாது. ஆய்வுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

முதலில் விற்பது, பிறகு சோதிப்பது என்பது எங்கள் துறையின் பழைய வியாதி. லைனிங்கைக் கீறிவிட்டால் காயம் ஆறும்போது வளர்ச்சிக் காரணிகள் பெருகும், கரு ஒட்டும் என்றார்கள். பல வருடம் கீறினார்கள். 2019-இல் 1,364 பெண்களை வைத்துப் பார்த்த ஆய்வில், கீறியவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம், கீறாதவர்களிலும் அதே 26.1. அடுத்து லைனிங்கின் மரபணுக்களைப் பார்த்து ‘உங்களுக்கு இந்த மணிக்குத்தான் கரு வைக்க வேண்டும்’ என்று நேரம் குறித்துக் கொடுக்கும் பரிசோதனை வந்தது. 2022-இல் வெளியான ஆய்வில், நேரம் குறித்து வைத்தவர்களில் 58.5 சதவீதம், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் குழந்தை பெற்றார்கள். வாங்கிய பணத்தை யாரும் திருப்பித் தந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒருங்கிணைப்பாளர் என்பவர் மருத்துவர் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். பல இடங்களில் அவருக்கு மாதம் இத்தனை ‘கூடுதல் சிகிச்சை’ சேர்க்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது. வெளியிலிருந்து ஆள் பிடித்து வரும் ஏஜென்ட்டுக்கோ பங்கே உண்டு. ரிசல்ட் நெகட்டிவ் என்று தெரிந்து நீங்கள் அழுது முடிப்பதற்குள் போன் வரும், ‘அடுத்த சைக்கிளில் இதையும் சேர்த்துவிடலாம்’ என்று. மருத்துவர் கையெழுத்திட்ட தாளில் மருந்தின் முழுப் பெயர், எதற்காக, இது சோதனை முறையா இல்லையா என்று எழுதித் தராத எதையும் வாங்காதீர்கள். அப்படியே உங்கள் முழு ஃபைலையும் கேளுங்கள். சொத்துப் பத்திரத்தைக் கேட்டது போல முழிப்பார்கள். அது உங்கள் உடம்பின் விவரம், விடாமல் கேளுங்கள்.

6.8, 7.1 என்ற எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 7-க்குக் கீழே இருந்தால் மெல்லியது என்று வழக்கமாகச் சொல்கிறோம். ஆனால் ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் அரை, ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். 7-க்குக் கீழேயும் கர்ப்பம் தரிக்கிறார்கள். அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து நான் கவலைப்பட மாட்டேன். இரண்டு முறை ஒட்டாததற்குக் கருவே காரணமாக இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. பார்க்க அழகாக இருக்கும் கருவிலும் குரோமோசோம் எண்ணிக்கை தப்பாக இருக்கும். உங்கள் வயதிலேயே இது அபூர்வம் இல்லை.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரி. ‘சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை’ என்றீர்களே, கடிதத்திலேயே முக்கியமானது அதுதான். சுத்தம் செய்த பிறகு மாதவிலக்கு இரண்டு நாளாகச் சுருங்கிய ஒருவருக்கு, யாராவது கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களா? இரண்டு முறை கரு வைக்கும்வரை ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

லைனிங்கின் அடி அடுக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா, மாதாமாதம் புதிதாக முளைப்பது அதிலிருந்துதான். சுத்தம் செய்யும்போது சுரண்டல் அந்த அடுக்கு வரை போய்விட்டால் அந்த இடத்தில் தழும்பு விழும், சில சமயம் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொள்ளும். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். தழும்பில் ஈஸ்ட்ரோஜெனைக் கேட்கும் தாங்கு திசு இல்லை, சேதி வாங்கும் செல்களும் இல்லை. அங்கே எந்தக் காரணியை ஊற்றினாலும் கேட்க ஆள் இல்லை. சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடும், ஏனென்றால் லைனிங் நன்றாக இருக்கும் இடத்தில்தான் அளவு எடுப்பார்கள். கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியில்தான் தெளிவாகத் தெரியும். ஒட்டல் இருந்தால் அப்போதே மெல்லிய கத்தரியால் பிரித்துவிடலாம். பிறகு கொஞ்ச காலம் ஈஸ்ட்ரோஜென், அதன் பின் மீண்டும் ஒருமுறை உள்ளே பார்ப்பது. ஏனென்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு. அதே சமயத்தில் லைனிங்கிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து நாள்பட்ட அழற்சி, காசநோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்பதையும்.

இதையெல்லாம் செய்து, ஒட்டல் இல்லை என்று உறுதியாகி, ஈஸ்ட்ரோஜெனை மாத்திரை, பேட்ச் என்று வழியை மாற்றிக் கொடுத்து, நாட்களையும் நீட்டிப் பார்த்து, அப்படியும் இரண்டு மூன்று சுழற்சியில் லைனிங் 7-ஐத் தொடவில்லை என்றால், அப்போது பி.ஆர்.பி ஒருமுறை முயன்று பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். உங்கள் ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயம் குறைவு. ஆனால் அது அந்தக் கட்டத்தில் மட்டும், சோதனை என்று தெரிந்தே, ஒரே ஒரு சுழற்சிக்கு. லைனிங் ஏறவில்லையென்றால் ‘இன்னொரு டோஸ்’ என்பார்கள், அங்கே நிறுத்திவிடுங்கள். இந்த விதிவிலக்கை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், ‘டாக்டரே பி.ஆர்.பி போடலாம் என்று எழுதியிருக்கிறார்’ என்று இதே பத்தியை வெட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று வருடம் முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் சக்‌ஷன் (உறிஞ்சி எடுத்தது) என்று இருக்கிறதா, க்யூரெட் (சுரண்டி எடுத்தது) என்று இருக்கிறதா, ஒரு தடவை சுத்தம் செய்தார்களா இரண்டு தடவையா என்று பாருங்கள். பிறகு காய்ச்சல் வந்ததா, முன்பு மாதவிலக்கு எத்தனை நாள், இப்போது எத்தனை நாப்கின் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹிஸ்டரோஸ்கோப்பி தொடர்ந்து செய்கிற மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை அடுத்த கருவை உறைநிலையிலேயே விட்டு வையுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. ஊசிக்கு முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள்.