கணுக்காலில் ஒரு காவல்

கேள்வி: சிறைக்குப் பதில் கணுக்காலில் மின்னணுப் பட்டையை மாட்டி வீட்டிலேயே இருக்க விடுவது தண்டனையா, சலுகையா?

பதில்: தண்டனைதான். ஆனாலும் சிறையா இதுவா என்றால் யோசிக்காமல் இதற்கே கை தூக்குவேன். வேலை பறிபோகாது, பிள்ளைகள் அப்பாவோடு இருக்கலாம். 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நீதிபதி ஜாக் லவ் இதைத் தொடங்கிவைத்தார். ஸ்பைடர்மேன் படக்கதை தந்த யோசனை! அன்றைய கருவி, ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் சொல்லும். இன்றைய ஜிபிஎஸ் பட்டை போகுமிடமெல்லாம் பின்தொடர்கிறது. அதற்குச் சார்ஜ் ஏற்ற, காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும்; சார்ஜ் தீர்ந்தால் அதுவே விதிமீறல் ஆகிவிடலாம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பல இடங்களில் பட்டைக்கான கட்டணத்தை அதை மாட்டியிருப்பவரிடமே வசூலிக்கிறார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல். தீர்ப்புக்கு முன்பே பட்டை மாட்டப்பட்ட, குற்றம் நிரூபிக்கப்படாதவரிடம் ஒரு காசுகூட வாங்கக் கூடாது.